636701: நம்ம தருமபுரி பின்கோடை பேப்பர் பென்சில் மட்டும் வெச்சு முழுசா பிரிச்சுப் பாக்குறது எப்படி

மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி அண்ணன் வீட்ல இருந்து ஒரு பெட்டி வந்துச்சு, மேல ஒட்டியிருந்த பேப்பர்ல அனுப்புநர் பக்கம் 635001, பெறுநர் பக்கம் 636701. அண்ணன் பொண்ணு பத்தாவது போறவ, லீவுக்கு எங்க வீட்ல தான் இருந்தா, பெட்டியை பிரிக்காம அந்த ரெண்டு நம்பரையே பாத்துட்டு இருந்துட்டு "அத்தை, ரெண்டையும் கழிச்சா கரெக்டா 1700 வருது, அழகா இல்ல?"ன்னு கேட்டா. அழகு தான் கண்ணு, ஆனா அந்த 1700 அழகோட நிக்கல, அது ஒரு சாவி. அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து இந்த நம்பரை பிரிச்சது தான் இப்ப நான் எழுதறது, அவ நோட்டுல போட்ட கணக்கையே வரிசையா தரேன், கூடவே நீங்களும் போட்டுப் பாருங்க, படிச்சுட்டு மட்டும் போனா இதுல பாதி சுவை கூட கிடைக்காது.

மொதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். பின்கோடுங்கறது விலாசம். 1972 ஆகஸ்ட் 15-ல நாடு முழுக்க வந்துச்சு, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் தான் அதை வடிவமைச்சவர். முதல்ல வர்ற 6 தமிழ்நாடு கேரளா பக்கத்தை காட்டும், அடுத்தடுத்த இலக்கம் தபால் பிரிக்கற இடத்தை காட்டும். பக்கத்து மாவட்டமான சேலத்துல டவுனுக்கும் 636-ல தான் ஆரம்பிக்குது, 636001, அதனால மாவட்ட எல்லைக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. கணக்குல இந்த நம்பர் எப்படி இருக்கணும்னு யாரும் உக்காந்து யோசிச்சு கொடுக்கல. அதனால தான் எனக்கு இது புடிக்கும், யாரும் அலங்காரம் பண்ணாத ஒரு எண்ணை எடுத்து உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது.

தேவையானது நாலு பக்க பேப்பர், பென்சில், 25 வரைக்கும் வர்க்கம் மனப்பாடமா தெரிஞ்சா போதும். கால்குலேட்டர் கடைசியில சரிபாக்க மட்டும்.

முதல் வேலை: பக்கத்து நம்பரை கழிக்கறது

ஆறு இலக்க எண்ணை கொடுத்து காரணிப்படுத்துன்னா எல்லாரும் 2, 3, 5, 7ன்னு வரிசையா வகுக்க ஆரம்பிப்பாங்க. 636701-க்கு வர்க்கமூலம் 797 சொச்சம், அது வரைக்கும் இருக்கற பகா எண்கள் 139. காரணி எதுவுமே இல்லாத எண்ணா இருந்தா அத்தனையும் வகுத்துப் பாத்தா தான் முடியும். நான் படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, ஒரு தடவை பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு பெரிய எண்ணை வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா வகுத்துட்டு இருந்திருக்கேன்.

இங்க அது வேண்டாம். ரெண்டு எண்களுக்கு ஒரு பொதுக் காரணி இருந்தா அது அவங்க வித்தியாசத்தையும் கண்டிப்பா வகுக்கும், இது யூக்ளிட் காலத்துலயே தெரிஞ்ச விஷயம், பத்தாவது புக்குல யூக்ளிட் வகுத்தல்னு வர்றதோட உயிரே இது தான். இப்ப வித்தியாசம் 1700. அதை பிரிச்சா 2×2×5×5×17. ரெண்டு பின்கோடும் 1-ல முடியுது, அதனால 2-ம் 5-ம் சேராது. மிச்சம் 17 ஒண்ணு தான். அதாவது தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பொதுவா ஏதாவது காரணி இருந்தா அது 17, இல்லன்னா ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு கேள்வியில வந்து நின்னுடுச்சு பாருங்க.

17-ஆல வகுபடுதான்னு வகுக்காம பாக்கறது

கடைசி இலக்கத்தை எடுத்து 5-ஆல பெருக்கி மிச்சத்துல இருந்து கழிங்க, சின்ன எண் வர்ற வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப பண்ணுங்க.

636701: 63670 − 5 = 63665
63665: 6366 − 25 = 6341
6341: 634 − 5 = 629
629: 62 − 45 = 17

17-லயே வந்து நின்னுச்சு. அவ பென்சிலை வெச்சுட்டு கையைத் தட்டுனா. ஏன் இது வேலை செய்யுதுன்னு கேட்டீங்கன்னா, கடைசி இலக்கம் தவிர மத்ததை அ-ன்னும் கடைசி இலக்கத்தை ஆ-ன்னும் வெச்சா எண் 10அ + ஆ. நாம கண்டுபிடிக்கறது அ − 5ஆ. இதை 10-ஆல பெருக்கினா 10அ − 50ஆ, அது பழைய எண்ணுல இருந்து 51ஆ கழிச்சது. 51-ங்கறது 17×3. அதனால ஒண்ணு வகுபட்டா இன்னொண்ணும் வகுபடும், ஒண்ணு வகுபடலைன்னா இன்னொண்ணும் வகுபடாது. இந்த காரணத்தை புரிஞ்சுக்கிட்டா 13-க்கும் 19-க்கும் நீங்களே விதி செஞ்சுக்கலாம், மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

636701 ÷ 17 = 37453. கிருஷ்ணகிரியும் வகுபடுது, 635001 ÷ 17 = 37353. ரெண்டுக்கும் நடுவுல சரியா 100. ஆக ரெண்டு ஊருக்கும் மீப்பெரு பொதுக் காரணி 17.

1001 வெச்சு மூணு பகா எண்ணை ஒரே வீச்சுல பாக்கறது

1001 = 7×11×13. இதை எங்கயாவது எழுதி வெச்சுக்கங்க. ஆறு இலக்க எண்ணை நடுவுல ஒடைச்சு ஒரு பாதியில இருந்து இன்னொரு பாதியை கழிச்சா, 7, 11, 13 மூணுக்கும் பதில் அந்த சின்ன எண்ணுலயே இருக்கும்.

636 | 701. கழிச்சா 65.

65-ஐ 7 வகுக்காது, 11 வகுக்காது, 13 வகுக்கும். முடிஞ்சது. மூணு வகுத்தலுக்கு பதிலா ஒரு கழித்தல். இலக்கக் கூடுதல் 6+3+6+7+0+1 = 23, அதனால 3-ம் கிடையாது.

இப்ப 37453 ÷ 13 = 2881. இந்த 2881 கொஞ்சம் முரண்டு புடிக்கற எண். மறுபடி 13 போட்டா மீதி 8, 17 போட்டாலும் மீதி 8, 19, 23, 29, 31, 37, 41 எதுவும் போகாது. பொறுமையா போனா 43-ல போகும், 43×67. ஆனா இதுக்கு வேற ஒரு வழி இருக்கு, அதுக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் எழுதினதே.

நடுவுல இருந்து ஆரம்பிக்கறது

2881-க்கு வர்க்கமூலம் 53 சொச்சம். அடுத்த முழு எண் 54. 54² = 2916, அதுல 2881 போனா 35, வர்க்கம் இல்ல. 55² = 3025, 2881 போனா 144. அது 12². அப்போ 2881 = 55² − 12² = (55−12)(55+12) = 43×67. ரெண்டே முயற்சி.

இது பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா கண்டுபிடிச்ச வழி. 1643-ல ஒரு கடிதத்துல அவர் 2027651281-ங்கற எண்ணை இப்படித்தான் 44021 × 46061ன்னு பிரிச்சுக் காட்டினார், 12 முயற்சியில. கால்குலேட்டர் ஏது அப்போ.

சரி, முழு 636701-க்கே இதைப் போட்டா என்ன ஆகும்னு அவ கேட்டா. காரணியெல்லாம் தெரியாத மாதிரியே மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

798² = 636804, மிச்சம் 103, இல்ல.
799² = 638401, மிச்சம் 1700, இல்ல.
800² = 640000, மிச்சம் 3299, இல்ல.
801² = 641601, மிச்சம் 4900.

4900-ஐ பாத்ததும் ரெண்டு பேருக்கும் சிலிர்த்துடுச்சு. 70². நாலாவது அடியில ஆறு இலக்க எண் ரெண்டா பொளந்துடுச்சு: 636701 = (801−70)(801+70) = 731 × 871. 731-க்கு 17 விதி போட்டா 73−5 = 68, போகும், 17×43. 871 = 13×67. ஆக

636701 = 13 × 17 × 43 × 67

ரெண்டாவது வரியில வந்த 1700-ஐ மட்டும் மறந்துடாதீங்க, அங்க ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, கடைசியில வரேன்.

இந்த வர்க்க வித்தியாசம் எப்படி பெருக்கலா மாறுதுங்கறதை அவளுக்கு நான் காட்டினது நிலத்தை வெச்சு. பாலக்கோடு பக்கம் ராகி நாத்து நடற காடுன்னு வெச்சுக்கங்க, 801 வரிசை, ஒவ்வொரு வரிசையிலயும் 801 நாத்து, சதுரமான காடு. ஒரு மூலையில 70-க்கு 70 இடத்தை கிணறு அடைச்சுக்கிச்சு. மிச்சம் இருக்கற நாத்து தான் 636701. கிணத்தால அந்த மூலையில 70 வரிசைக்கு 731 நாத்து தான் நட முடியும், மிச்சம் 731 வரிசையும் முழுசா 801 நாத்து. இப்ப அந்த குட்டையான 70 வரிசையையும் அப்படியே பேத்து எடுத்து திருப்பிக் கொண்டுபோய் பெரிய பகுதியோட பக்கவாட்டுல ஒட்ட வைங்க. 731 வரிசை, ஒவ்வொண்ணுலயும் 801 + 70 = 871 நாத்து. கிணறு வெளிய போயிடுச்சு, காடு நேரான செவ்வகமா ஆயிடுச்சு. நாத்து ஒண்ணு கூட கூடல குறையல. இதை அவ ஒரு தடவை கட்டம் போட்ட பேப்பர்ல சின்ன எண் வெச்சு வெட்டி ஒட்டிப் பாத்தா, அதுக்கப்புறம் அ² − ஆ² சூத்திரத்தை நான் சொல்லவே வேண்டியிருக்கல.

இதே வழி கிருஷ்ணகிரிக்கு ஏன் ஓடல

635001-க்கு நடுவுல இருந்து ஆரம்பிச்சோம், 797, 798, 799ன்னு போயிட்டே இருக்கு, வரவே இல்ல. காரணம் பின்னாடி தான் தெரிஞ்சுது. 635001 = 3 × 17 × 12451. 12451 பகா எண், வர்க்கமூலம் 111 சொச்சம், அதுவரைக்கும் இருக்கற 29 பகா எண்களையும் போட்டுப் பாத்தோம், 59 போட்டா மீதி 2, 83 போட்டா மீதி 1, நூலிழையில தப்பிச்சுட்டே இருந்துச்சு, ஆனா எதுவும் போகல. அதனால 635001-ஐ ரெண்டு துண்டாக்கினா ஒண்ணு ரொம்ப சின்னது இன்னொண்ணு ரொம்ப பெருசா தான் வரும், நெருக்கமா வர்றது 51 × 12451. அதுங்க நடுப்புள்ளி 6251. 797-ல ஆரம்பிச்சு 6251 வரைக்கும் நடக்கணும்னா 5455 முயற்சி. தருமபுரிக்கு நாலு, கிருஷ்ணகிரிக்கு 5455. ஆனா கிருஷ்ணகிரிக்கு 3-ஐ ஒரு பார்வையில புடிச்சுடலாம், இலக்கக் கூடுதல் 15.

அதனால என் கருத்து, ரெண்டு வழியும் கையில இருக்கணும். கீழ இருந்து ஒரு அஞ்சாறு சின்ன பகா எண், நடுவுல இருந்து ஒரு அஞ்சாறு வர்க்கம், ரெண்டுலயும் கிடைக்கலைன்னா அப்புறம் உக்காந்து வகுக்கலாம். ஸ்கூல்ல முதல் வழியை மட்டும் சொல்லிட்டு ரெண்டாவதை சொல்லாம விடறது எனக்கு நிஜமாவே வருத்தம், ஒன்பதாவது பிள்ளைக்கு தெரிஞ்ச அ² − ஆ² தானே இது. இன்னொரு பக்கம், நம்ம போன்ல தகவலை ரகசியமா மாத்தி அனுப்பற பூட்டு வேலைக்கு 1977-ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூணு பேர் கொண்டு வந்த முறையில ரெண்டு பெரிய பகா எண்ணை பெருக்கித்தான் பூட்டு செய்வாங்க, அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப கிட்ட இருந்தா இந்த ஃபெர்மா வழியிலயே பூட்டு திறந்துடும், அதனால வேணும்னே தள்ளித் தள்ளி எடுப்பாங்க.

காரணி கிடைச்சாச்சு, இனி என்னெல்லாம் இலவசமா வரும்

நாலு பகா எண், ஒவ்வொண்ணும் ஒரு தடவை. ஒவ்வொண்ணையும் எடுக்கலாம் விடலாம், அதனால மொத்த காரணிகள் 2×2×2×2 = 16. எழுதிடறேன்: 1, 13, 17, 43, 67, 221, 559, 731, 871, 1139, 2881, 9503, 14807, 37453, 48977, 636701. முதலும் கடைசியும், ரெண்டாவதும் கடைசிக்கு முந்தினதும்னு ஜோடி போட்டு பெருக்கிட்டே வாங்க, எட்டு ஜோடியும் 636701 தான் தரும், நடு ஜோடி நம்ம 731-ம் 871-ம்.

பதினாறையும் கூட்டணும்னா ஒவ்வொண்ணா கூட்டாதீங்க. ஒவ்வொரு பகா எண்ணோட 1 கூட்டி பெருக்குங்க, 14×18×44×68 = 753984. இதுல அந்த எண்ணையே எடுத்துட்டா 117283. 6-ஐ எடுத்தா 1+2+3 சரியா 6 வருமே, அந்த மாதிரி இது வராது, தன்னை விட்டுட்டு மிச்ச காரணிகளை எல்லாம் கூட்டினாலும் அஞ்சுல ஒரு பங்கு கூட எட்டாது.

ஒண்ணு கழிச்சு பெருக்கினா வேற ஒரு விஷயம் கிடைக்கும். 12×16×42×66 = 532224. 1-ல இருந்து 636701 வரைக்கும் இதோட சார்பகா எண்களா, அதாவது 1-ஐ தவிர பொதுக் காரணி எதுவும் இல்லாம இருக்கறது இத்தனை, நூத்துக்கு 83 பேருக்கு மேல. 13-ல 12 பங்கு தப்பிக்கும், அதுல 17-க்கு 16 பங்கு தப்பிக்கும், இப்படியே போகும்.

ரெண்டு வர்க்கமா எழுத முடியுமா

இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. 13 = 4 + 9, 17 = 1 + 16, ரெண்டையும் பெருக்கின 221-ஐ ரெண்டு விதமா எழுதலாம், 14² + 5², 11² + 10². ஆனா 43-ம் 67-ம் 4-ஆல வகுத்தா மீதி 3 தர்ற பகா எண்கள். அப்படிப்பட்டது ஒத்தையா உள்ள உக்காந்திருந்தா மொத்த எண்ணையும் ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுதவே முடியாது. 636701-ஐ 4-ஆல வகுத்தா மீதி 1 தான் வருது, வெளிய இருந்து பாத்தா முடியும் போலத்தான் இருக்கும், அதனால இங்க ஏமாந்துடாதீங்க, 43-ம் 67-ம் ரெண்டும் சேந்து மீதியை 1-ஆ மாத்திடுச்சு, உள்ள திறந்து பாத்தா தான் தெரியும்.

மூணு வர்க்கமா முடியும். லெஜாந்தர்ங்கற பிரெஞ்சுக் கணித மேதை 1798-ல கொடுத்த விதிப்படி 8-ஆல வகுத்து மீதி 7 வந்தா முடியாது, கடைசி மூணு இலக்கம் 701-ஐ 8-ஆல வகுத்தா மீதி 5, 4-ஆலயும் வகுபடாத எண், அதனால கண்டிப்பா முடியும். எப்படி தேடறதுன்னா, கிட்ட இருக்கற பெரிய வர்க்கத்தை எடுங்க, 797² = 635209. மிச்சம் 1492 = 4 × 373. 373 = 18² + 7². நாலால பெருக்கினா ரெண்டும் இரட்டிக்கும், 36² + 14². ஆக

636701 = 797² + 36² + 14²

முதல் முயற்சியிலயே அமைஞ்சுது. அமையலைன்னா 796-க்கு இறங்கி தேடியிருப்போம்.

1-ஐ இதால வகுத்தா

0.00000157059ன்னு ஆரம்பிச்சு போகும், ஒரு கட்டத்துல திரும்ப முதல்ல இருந்து வரும். எத்தனை இலக்கம் கழிச்சு? 1/13 ஆறு இலக்கத்துக்கு ஒரு தடவை திரும்பும், 1/17 பதினாறு, 1/43 இருபத்தொண்ணு, 1/67 முப்பத்துமூணு. தருமபுரி பஸ் ஸ்டாண்ட்ல நாலு பஸ், 6 நிமிஷத்துக்கு ஒண்ணு, 16-க்கு ஒண்ணு, 21-க்கு ஒண்ணு, 33-க்கு ஒண்ணு, இப்ப நாலும் ஒண்ணா கிளம்பிச்சுன்னா மறுபடி நாலும் ஒண்ணா எப்போ கிளம்பும்? மீச்சிறு பொது மடங்கு, 16×3×7×11 = 3696. ரெண்டு நாள் பதிமூணு மணி முப்பத்தாறு நிமிஷம் கழிச்சு. அந்த தசமமும் 3696 இலக்கத்துக்கு ஒரு தடவை தான் திரும்பும். ஒரு சார்பகா எண்ணை அதாலயே திரும்பத் திரும்ப பெருக்கி, 636701-ஆல வகுத்து மீதியை எழுதிட்டே போனா அந்த மீதிகளும் சுத்தி வரும், எந்த எண்ணை எடுத்தாலும் அந்த வட்டம் 3696-ஐ விட நீளமா போக முடியாது, நாலு பகா எண்லயும் ஒண்ணு கழிச்ச 12, 16, 42, 66-க்கு மீச்சிறு பொது மடங்கு எடுத்தாலும் அதே 3696 தான் வரும், 10 அந்த உச்சத்தையே தொட்டுடுச்சு.

அந்த 1700

ஃபெர்மா வழியில ரெண்டாவது அடியில 799² − 636701 = 1700 வந்துச்சுல்ல. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வித்தியாசமும் 1700. அதாவது 635001-ல இருந்து 1700 ஏறினா 636701, இன்னொரு 1700 ஏறினா 638401, அது 799-ஓட வர்க்கம். 799 = 17×47, அதனால மூணுமே 17-ஓட மடங்கு. 6-ல ஆரம்பிக்கற ஆறு இலக்க எண்கள் ஒரு லட்சம் இருக்கு, அதுல முழு வர்க்கம் 775²-ல இருந்து 836² வரைக்கும் மொத்தமே 62 தான், அதுல ஒண்ணு வந்து இப்படி வரிசையில நிக்குது. இது யாரும் திட்டம் போட்டது இல்ல, தற்செயல் தான், அதை நான் அவகிட்ட ரெண்டு தடவை அழுத்திச் சொன்னேன்.

அவ அதோட விடல. "அத்தை, 638401-ன்னு நிஜமாவே ஒரு ஊரு இருக்குமா?"ன்னு போனை எடுத்துத் தேடினா.

சத்தியமங்கலம்.